சிக்னல் வரவில்லை என்றால் திட்டு யாருக்கு?

டெலிவரி கொடுக்க வந்தவர் அடித்தளப் பார்க்கிங்கில் ஓடிபி வராமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், நாம் உடனே நெட்வொர்க் கம்பெனியைத் திட்டுகிறோம். சரி, திட்டலாம், ஆனால் பாதித் திட்டு அரசின் அலைக்கற்றைக் கொள்கைக்குப் போகவேண்டியது. 700 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஒரே டவர் வெகுதூரம் எட்டும், 3.5 கிகாஹெர்ட்ஸில் வேகம் பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் திணறிவிடும். யாருக்கு எது, என்ன விலைக்கு, என்ன நிபந்தனையோடு என்பதெல்லாம் அரசு எடுக்கும் முடிவு.

2000-ல் பிரிட்டன் 3ஜி ஏலத்தில் 2,250 கோடி பவுண்டு வசூலித்தது, ஜெர்மனி 5,000 கோடி யூரோவைத் தாண்டியது. கஜானாவுக்குக் கொண்டாட்டம், வாங்கிய கம்பெனிகளுக்கு மலையளவு கடன். அதே ஜெர்மனி 2010-ல் 800 மெகாஹெர்ட்ஸை விற்றபோது, இணையம் சரியாக எட்டாத ஊர்களுக்கு முதலில் கொடு, நகரத்துக்கு அப்புறம் போ என்று நிபந்தனை போட்டது. எனக்குப் பிடித்த கொள்கை இதுதான்.

இந்த முடிவுகளில் அடிபடும், யாரும் பேசாத இன்னொரு கூட்டம், மேடை ஒலி அமைப்பாளர்கள். அவர்களுடைய வயர்லெஸ் மைக்கும் இதே மாதிரி அலைவரிசைகளில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் 2010-ல் 700 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மைக்குகளுக்குத் தடை வந்தது. மாற்று வாங்கினார்கள். அப்புறம் 600 மெகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியும் மொபைலுக்குப் போனது, 2020 ஜூலைக்குள் அதையும் காலிசெய்யச் சொன்னார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மைக்கைச் சொந்தச் செலவில் இரண்டு தடவை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஏலப் பணத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?