நம் மண்ணின் மாங்கனீஸ்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் வீட்டு வாசலில், வெயிலில் ஒரு கண்ணாடிக் குவளை. உள்ளே அண்ணன் மகள் பள்ளிப் பாடத்துக்காகப் போட்டு வைத்த நீர்ச்செடி.

வெட்டிய தண்டின் நுனியிலிருந்து குமிழ்கள், கோத்த முத்துபோல, விடாமல் மேலே ஏறின.

"சித்தப்பா, செடி மூச்சு விடுதா?"

இல்லை கண்ணு, தண்ணீர் உடைகிறது. வருவது ஆக்சிஜன்.

அதைச் செய்வது இலைக்குள் இருக்கும், நான்கு மாங்கனீஸ் உலோக அணுக்களும் ஒரு கால்சியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த ஒரு கொத்து. இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக உருவுகிறது. யோசித்தாலே சிலிர்க்கிறது.

செடியின் இந்த வேலையை ஆய்வகத்திலும் செய்து பார்க்கிறார்கள். 2009இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜியாவோ, ஃபிரெய் என்ற இரு விஞ்ஞானிகள் கோபால்ட் ஆக்சைடு நானோ கொத்துகளை, மணலின் மூலப்பொருளான சிலிக்காவின் நுண்துளைகளுக்குள் வளர்த்தார்கள். பெரிய துகள்களைவிட சுமார் 1600 மடங்கு ஆக்சிஜன்! துளைச்சுவர்கள் கொத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கின்றன. வினை நடக்கும் பரப்பு குறைவதில்லை. ஒளியை வாங்க ருத்தேனியம் என்ற உலோகம் சேர்ந்த சாயம் வேண்டியிருந்தது, அது தனிக்கதை. அப்புறம் மாங்கனீஸ் ஆக்சைடிலும் செய்து பார்த்தார்கள்.

இப்படித் தண்ணீரை உடைப்பதற்குப் பேர்போன இரிடியம் என்ற உலோகம் மிக அரிது. உலக இரிடியத்தில் பெரும்பகுதி நம் பிளாட்டினச் சுரங்கங்களிலிருந்துதான் போகிறது. மாங்கனீஸோ நம் காலஹாரிப் பாலைப் பகுதியில் குவிந்து கிடக்கிறது.

அதில் பெரும்பகுதியைத் தாதுவாகவே கப்பலேற்றி, எஃகு ஆலைகளுக்கு அனுப்புகிறோம். ஒரு பிடியாவது டர்பன் ஆய்வகங்களில் சிலிக்காத் துளைக்குள் போகட்டும். நம் பிள்ளைகள் கையால் போகட்டும்.