ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

புதிதாகப் பாகங்களைப் பூட்டிச் சேர்த்த கணினிக்கு முதல் தடவை உயிர் வராவிட்டால், எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மதர்போர்டைத்தான். பாகம் செத்தே வருவது அபூர்வம், பொருத்தும்போது ஏதாவது விட்டுப்போவதுதான் வழக்கம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பட்டனை அமுக்கியும் ஒரு அசைவும் இல்லையென்றால், பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். அடுத்து, கேபினட்டின் பவர் ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் அது செருகியிருந்த இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். எந்த இரண்டு என்பதை மேனுவலில் பார்த்த பிறகு. ஓடினால் கோளாறு கேபினட் பட்டனில். ஒரு நொடி சுற்றி உடனே அணைந்தால் ஷார்ட்டாக இருக்கலாம்: போர்டில் துளையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) மாட்டியிருக்கிறதா பாருங்கள்.

ஃபேன் சுற்றியும் படம் வராததுதான் பெரும்பாலானோரின் தலைவலி. போர்டுக்கான 24 பின் பவர் கேபிளை யாரும் மறப்பதில்லை. ப்ராசஸருக்கான 8 பின் கேபிளைத்தான் மறப்பார்கள், அது போர்டின் மேல் மூலையில் ஒளிந்திருக்கும். அதன் முனை 4+4 ஆகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கானது 6+2. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். துளைகளின் வடிவம் வேறு என்பதால் லேசில் நுழையாது, நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். மாடுலர் சப்ளையில், அதாவது கேபிள்களைக் கழற்றக்கூடியதில், வேறு பிராண்டின் கேபிளைச் செருகுவதும் இதே ஆபத்துதான், அங்கே தடுக்க வடிவ வித்தியாசமும் இருக்காது.

அடுத்து ராம். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ராம் போட்டால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் இரண்டாவது. பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும், அசையாத மறுபக்கம்தான் ஏமாற்றும். இரு முனையையும் தனித்தனியாக அழுத்துங்கள்.

ராம் டிடிஆர்5 ரகம் என்றால் இன்னொரு விஷயம், இதில் அவசரம்தான் எதிரி. முதல் தடவை ஓடும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளும், மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். ஏஎம்டி ப்ராசஸருக்கான ஏஎம்5 போர்டுகளில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே கிடக்கும், ராம் கொள்ளளவு கூடினால் இன்னும் நேரமாகும். அதுவரை போர்டில் ராமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரிவதும் இயல்பே. பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. சிமாஸ் (போர்டின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நினைவகம்) அழித்தாலும் அப்படித்தான். கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் படம் இல்லையென்றால் போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கு விளக்குகளில் எது நிலைத்து நிற்கிறது என்று பாருங்கள். விஜிஏ என்றால் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் கேபிளைப் பாருங்கள். எந்த விளக்கும் இல்லாமல் கறுப்பு என்றால், மானிட்டர் கேபிள் போர்டில் செருகியிருக்கலாம். இன்டெலில் எஃப் என்று முடியும் ப்ராசஸர்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, படம் கார்டிலிருந்துதான் வரும். சிபியு விளக்கு என்றால் போர்டை இயக்கும் மென்பொருளான பயாஸ் பழசாக இருக்கலாம்: பி450 போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5000 ப்ராசஸர் போட்டால் இது சகஜம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புதிய பயாஸ் கோப்பைப் போட்டு, மேனுவல் சொல்லும் பெயருக்கு மாற்றி, குறிப்பிட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகி, அந்தப் பட்டனை அமுக்கினால் போதும்.

பயாஸ் திரை வந்தபின் விண்டோஸ் 11 நிறுவும்போது தடங்கல்கள் வேறு. டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்றால் பயாஸில் எஃப்டிபிஎம் (இன்டெலில் பிடிடி) இயக்குங்கள். போர்டிலேயே செருகும் என்விஎம்இ டிஸ்க் பயாஸில் தெரிந்து, நிறுவியில் மட்டும் காணாமல் போனால், இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பெரும்பாலும் பயாஸில் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி அமைப்புதான் காரணம். அதை அணையுங்கள், அல்லது இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் வைத்து ஏற்றுங்கள்.

டிஸ்க்கின் பிரிப்புமுறை பழைய எம்பிஆர் என்று நிறுவி மறுத்தால், ஷிஃப்ட்+எஃப்10 அமுக்கினால் வரும் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க். அளவைப் பார்த்துச் சரியான டிஸ்க்கைத் தேர்ந்து கிளீன், பிறகு புதிய பிரிப்புமுறைக்கு மாற்ற கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் அந்த டிஸ்க்கை முழுக்கத் துடைத்துவிடும், ஆகவே மற்ற டிஸ்க்குகளை முதலிலேயே கழற்றி வையுங்கள்.

பாதியில் கோப்பு சேதம் என்று நின்றால் எல்லோரும் பென்டிரைவைத்தான் திட்டுவார்கள். புதிதாக எழுதியும் அதே இடறல் என்றால் ராமைச் சோதியுங்கள். ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை பயாஸில் அணைத்து, ஒரே ஒரு ராமோடு நிறுவுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ராத்திரி ஓடவிட்டால், காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அந்த ராம், அந்த வேகத்தில் வேண்டாம்.