எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டால்?

காரைக்குடி செக்காலையில் ஒரு மாடி அறை. அங்கே நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி செய்துகொண்டிருக்கிறேன். கடவுச்சொல் திருடுபோனாலும், இந்தச் சாவியைச் செருகாமல் கணக்கைத் திறக்க முடியாது. சுற்று வரைபடம், போர்டு லேஅவுட், சாவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. இதற்குக் காசு போட ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு.

இப்படித் திறந்த தொழில்நுட்ப வேலைகளுக்கு நிதி தரும் நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். ஐரோப்பிய ஆணையத்தின் பணத்தில் அவர்கள் நடத்தும் என்ஜிஐ ஜீரோ திட்டத்தில், முதல் விண்ணப்பத்துக்கு 5,000 முதல் 50,000 யூரோ வரை கேட்கலாம். ஐரோப்பாவுக்கு இதனால் என்ன பயன் என்றும் சொல்லியாக வேண்டும். படிவம் சின்னது, கேள்விகள்தான் கூர்மை. ஏற்கெனவே இருப்பவற்றோடு உங்களுடையதை ஒப்பிடுங்கள் என்ற இடத்தில் எங்கள் பேனா நின்றுவிட்டது. ஸ்வீடனின் டில்லிடிஸ் நிறுவனம், நாங்கள் எடுத்த அதே ஐஸ்40 எஃப்பிஜிஏவை (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு) வைத்து டிகீ என்ற திறந்த சாவியை ஏற்கெனவே விற்கிறது. பிறகு நாங்கள் எதற்கு?

ஒரு கல்லூரி லேபில், மாணவர் கையாலேயே பற்றவைத்துச் சோதித்துப் பார்க்கும்படி செய்கிறோம் என்பதுதான் எங்கள் பதில். அதை எழுதுவதற்கு முன் செய்து பார்த்தோம். 7 மில்லிமீட்டர் சதுரச் சில்லு, 48 பின், பின்னுக்குப் பின் அரை மில்லிமீட்டர். பக்கத்துப் பின்கள் ஈயத்தில் ஒட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியும், ஃபிளக்ஸ் தடவி இழுத்தால் போய்விடும். சில்லுக்கு அடியில் ஈயம் வைத்து ஒட்டும் பெரிய உலோகப் பரப்பு, அந்த பேட்தான் வில்லன். ஈயம் கூடினால் சில்லே மிதந்து ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஈயப் பசை பூசும் தகடான ஸ்டென்சிலில் அந்த பேடுக்கான திறப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த பிறகுதான் சரியாக உட்கார்ந்தது. விண்ணப்பத்தில் ஒரே வரியாகப் போன வேலை இது.

பணம் வரும் விதம் வேறு சிக்கல். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே தருவார்கள். மென்பொருளுக்கு அது சரிதான், உட்கார்ந்து எழுதினால் போதும். எங்களுக்கோ போர்டும் சில்லும் முதலில் வாங்க வேண்டும். அதனால் வரைபடத்தையும் சோதனைத் திட்டத்தையும் வெளியிடுவதை முதல் கட்டமாக வைத்தோம். அந்தக் காசில் போர்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது முறை போர்டு அடிக்கவும் செலவு எழுதினோம். முதல் போர்டே சரியாக வரும் என்று பட்ஜெட் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

எங்கள் ஆடிட்டர் அண்ணனிடம் போனால், "இது வருமானமா, நன்கொடையா? வெளிநாட்டுப் பணம்னா எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், அதைப் பாக்கணும் தம்பி. ஒப்பந்தத்தை எனக்குக் காட்டாம கையெழுத்துப் போட்றாதீங்க" என்றார். அதோடு விடவில்லை. "எங்க வீட்டு இரும்புப் பெட்டியில சாவித் துவாரமே ஒரு பூவுக்கு அடியிலதான் இருக்கு. பூவைத் தள்ளத் தெரியாதவன் திறக்க முடியாது. நீங்க எல்லாத்தையும் எழுதிப் போட்டுட்டா அது எப்படிப் பாதுகாப்பு?"

"அதே மாதிரி லட்சம் பெட்டி செஞ்சு வித்தா, ஒருத்தன் பூவைத் தள்ளிட்டாப் போதும்ணே, எல்லாப் பெட்டியும் போச்சு. நாங்க மறைக்கிறது ஒவ்வொரு சாவிக்குள்ளயும் இருக்கிற ரகசிய எண்ணை மட்டும்தான். அதுவும் சாவிக்குச் சாவி வேற."

பூட்டும் முறை எல்லோருக்கும் தெரிந்தாலும் ரகசிய எண் மட்டும் தெரியாமல் இருந்தால் போதும் என்று, குறியாக்கம் பற்றி 1883-இல் கெர்க்கோஃப்ஸ் என்பவர் எழுதிவைத்த விதிதான் இது. 2024-இல் அதற்கு ஓர் உதாரணமும் கிடைத்தது. இன்ஃபினியான் நிறுவனத்தின் பாதுகாப்புச் சில்லுகளில் ஓடும் குறியாக்க நூலகத்தில் (குறியாக்க வேலையைச் செய்யும் நிரல் தொகுப்பு) இருந்த ஓட்டையை நிஞ்சாலேப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். வெளியார் பார்க்க முடியாத மூடிய நூலகம், உயர்தரச் சான்றிதழ்கள் பெற்றது, ஆனாலும் 14 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஓட்டையைப் பயன்படுத்த சாவியே கையில் கிடைக்க வேண்டும், விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்தி நிதி கேட்பது எனக்குப் பிடிக்காது.

திறந்திருப்பதாலேயே எங்கள் சாவி பத்திரமாகிவிடாது. பார்க்க வழி இருக்கிறது என்பதற்காக யாரும் பார்த்துவிடப் போவதில்லை. அதனால் வெளி ஆள் ஒருவர் சரிபார்க்கும் கூலியைத் தனி வரியாகப் போட்டோம். ஆடிட்டரிடம் சொன்ன பதிலையே கொஞ்சம் சுருக்கி விண்ணப்பத்தின் முதல் பத்தியாக வைத்தோம். ஏற்கெனவே அங்கே இருந்த தொழில்நுட்ப நெறிமுறைகளின் (புரோட்டோகால்) பெயர்கள் பின்னால் போய்விட்டன.

இப்போது என்எல்நெட்டிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. சாவி திருடன் கையில் ஒரு வாரம் இருந்தால் என்ன ஆகும் என்பது அதில் ஒன்று. சில்லைப் பிரித்துப் படிக்கும் வசதி உள்ளவனிடமிருந்து காப்பாற்றுவதாக நாங்கள் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர், நிதி போய்விடுமாம். நான் எடுக்கவில்லை.