விலாசம் கேட்டார், முகவரி கொடுத்தேன்

பக்கத்து ஊர் நகரத்தார் கோயிலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற புள்ளி வரிக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கணக்குப் பார்க்கிற பெரியவர் வளவில் (வீட்டு முற்றத்தில்) தூணோரம் பேரேட்டை விரித்துவைத்துச் சொல்லச் சொல்ல, நான் லேப்டாப்பில் தட்டிக்கொண்டேன். நிரல் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைக் குறிப்பு 22 பக்கம் வந்தது. கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து டெமோ. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையையே உற்றுப் பார்த்தவர், "எல்லாம் இருக்கு தம்பி, விலாசத்தக் காணமே?" என்றார். கதவு எண், தெரு, பின்கோடு என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"இது வீடு இருக்குற இடம்ல. நான் கேட்டது விலாசம்."

தேவகோட்டையில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாகிவிட்டது. நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் பேருக்கு முன்னால் வருகிற தலைப்பெழுத்து வரிசை. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் பேரேட்டின் ஒரே பக்கத்தில் நாலு சிதம்பரம் இருப்பார்கள், இவர் 'ராம. பழ.', அவர் 'சுப. அரு.' என்று விலாசம்தான் ஆளைப் பிரிக்கும். நான் இனிஷியலுக்கு விட்டிருந்ததோ இரண்டே எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணுகிற யூனிகோடு கணக்கில் 'சு' ஒன்றே, 'ச' ஒன்று, உகரக் குறி ஒன்று என்று, அந்த இரண்டையும் தின்றுவிடும்.

அடுத்த அடி இன்னும் மோசம். 'புள்ளி: முழு எண்' என்று எழுதியிருந்தேன். கல்யாணமான ஆண், குடும்பத்தோடு ஒரு புள்ளி. அவர் காலமாகிவிட்டால் வீட்டு ஆச்சி அரைப்புள்ளி. என் நிரல் 0.5ஐ 0 ஆக்கி, அத்தனை ஆச்சிமாரையும் வரிப் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தது. "இருக்குறவகள இல்லைங்குதே உங்க மிஷின்!"

கையெழுத்துப் போட்டது அவர்தானே என்று வாதாடலாம். ஆனால் அந்த 22 பக்கத்தையும் ஆங்கிலத்தில் எழுதினது நான். மென்பொருள் தேவைகளை எழுதுவதற்கென்றே ஐஈஈஈ என்ற பொறியாளர் அமைப்பு போட்டிருந்த 830 தரநிலையின் 1998 பதிப்பு, ஒரு வரிக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்றது. என் வரிகளுக்கும் ஒரே பொருள்தான். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

மறுபடி தமிழில் எழுதினேன். முதலில் விலாசம், புள்ளி, அரைப்புள்ளி, பாக்கி என்று சொல்லுக்குச் சொல் விளக்கம். ஒவ்வொரு விதிக்கும் கீழே பேரேட்டிலிருந்தே ஒரு வரியை, பேரை மறைத்து, மாதிரியாக வைத்தேன். அவரைப் பென்சிலால் கணக்குப் போடச் சொல்லி, நிரல் தந்த தொகையோடு ஒத்துப்பார்த்தோம். ஒரு இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. வரி வசூலுக்கு நடுவில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் புதுப் புள்ளி எப்போதிலிருந்து?

"அத நாங்களே இன்னும் பேசி முடிக்கலையே தம்பி."

அதையும் அப்படியே, 'முடிவாகவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது பதிப்பை வரிவரியாகப் படித்துவிட்டு, பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடினார்.

"தலைப்புல சிவமயம் போடலையே?"

போட்டு, இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன்.