பூஜ்ஜிய வோல்டில் அளக்க இத்தனை பாடு

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடில், அடியில் நிக்கல் ஆக்சைடு படலம் வைத்து, புற ஊதா உணரி செய்தேன். கரைசலைச் சுழற்றிப் படலமாக்கும் ஸ்பின் கோட்டிங், அதைச் சுடும் ஃபர்னஸ் எல்லாம் தர்மபுரியில் எங்கள் கல்லூரியிலேயே முடிந்தது, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனையான எக்ஸ்ஆர்டியில் துத்தநாக ஆக்சைடுக்கு உரிய 34.4 டிகிரி பீக்கும் ஒழுங்காக வந்துவிட்டது. வயிற்றெரிச்சல் எல்லாம் அளக்கப் போன இடத்தில்தான்.

வோல்டேஜ் கொடுத்து நுண்ணிய கரன்டையும் அளக்கிற சோர்ஸ் மீட்டர் எங்களிடம் இல்லை, அதனால் சேலம் பக்கம் ஒரு ஆய்வகத்துக்குப் போனேன். படிவத்தில் வோல்டேஜ் கட்டத்தில் 0 என்று எழுதியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், "காலியா விட்டா எப்படிப்பா, ஒரு நம்பர் போடு" என்றார். சீரோவும் நம்பர்தான் சார், இது பேட்டரி இல்லாமலே வேலை செய்யணும் என்றேன். கைடு கையெழுத்து வாங்கிட்டு வா என்று பேப்பரைத் தள்ளிவிட்டார். அன்றைக்குப் பார்த்து தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து கிடக்க, வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது.

கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தால், 5 வோல்டில் அளந்து மெயில் அனுப்பியிருக்கிறார்கள். "கரன்ட் நல்லா வருதே" என்று சமாதானம் வேறு. வோல்டேஜ் கொடுத்தால் வரத்தான் செய்யும்! இரண்டு ஆக்சைடும் சேரும் இடத்தில் தானாக உண்டாகும் மின்புலமே வெளிச்சம் பட்டுக் கிளம்பும் எலக்ட்ரானையும், அது விட்டுப்போன காலியிடமான துளையையும் பிரித்து இழுக்கிறதா என்பதுதான் என் ப்ராஜெக்டே. வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்துவிட்டால் அதில் அந்தச் சேரும் இடத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் சண்டை போட்டு, பக்கத்தில் நின்றே அளக்க வைத்தேன். அங்கே இருந்தது கள்ளநோட்டு பார்க்கிற மாதிரி 395 நானோமீட்டர் டார்ச். அந்த ஒளியின் ஆற்றல் 3.14 எலக்ட்ரான் வோல்ட்தான், துத்தநாக ஆக்சைடில் எலக்ட்ரானைக் கிளப்பத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளியோ 3.37, திரையில் கரன்ட் கோடு அசையக்கூட இல்லை. நல்லவேளை, கையோடு அதைவிட ஆற்றல் கூடிய 365 நானோமீட்டர் எல்இடி கொண்டுபோயிருந்தேன். மேலே மின்தொடர்புக்குப் பூசிய வெள்ளிப் பேஸ்ட் மறைக்காமல் கண்ணாடிப் பக்கமாக வெளிச்சம் காட்டியதும் பூஜ்ஜிய வோல்டில் கோடு சட்டென்று ஏறியது, அணைத்தால் இறங்கியது. நானோ ஆம்பியர்தான், ஆனால் முழுக்க அதன் சொந்தச் சம்பாத்தியம். ஆபரேட்டர் அக்காவே "இன்னொரு தடவை போடு" என்று கேட்டுப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு: "0 வோல்ட், வெளி மின்சாரம் கூடாது" என்று எழுத்தில் கொடுத்து, அதன் கீழேயே கைடு கையெழுத்தை வாங்கிவிடுங்கள். எல்இடி உங்களுடையதாக இருக்கட்டும். ரூம் டியூப்லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் டேட்டா ஃபைலைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் கிராஃப் படத்தை மட்டும்தான் அனுப்புவார்கள்.