நாக்கை மடிக்கச் சொல்வதை விட்டுவிட்டேன்

மரபியல் பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில் முதல் நாளே பிள்ளைகளை நாக்கை மடித்துக் காட்டச் சொல்வேன். வகுப்பே கலகலப்பாகிவிடும். இரண்டு ஓரத்தையும் தூக்கிக் குழாய் மாதிரி மடிக்க வந்தால் ஓங்கு பண்பு (அப்பா, அம்மாவிடமிருந்து வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று இருந்தாலே வெளியே தெரிவது), வராவிட்டால் ஒடுங்கு பண்பு (இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால்தான் தெரிவது) என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, வீட்டில் அப்பா அம்மாவையும் மடிக்கச் சொல்லிப் பார்த்து அட்டவணை போட்டு வாருங்கள் என்று அனுப்புவேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு வருடம் ஒரு மாணவி மட்டும் நோட்டைத் தராமல், எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். அப்பா, அம்மா இரண்டு கட்டத்திலும் 'வராது' என்று எழுதியிருந்தாள். தன் கட்டத்தில் 'வரும்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்ததில் அந்த இடத்தில் தாளே கிழிந்திருந்தது. "டீச்சர், ரெண்டு பேருக்கும் ஒடுங்கு பண்புன்னா எனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். இரண்டு நாளாக அவள் மனதில் என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று அந்தக் கிழிசலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அன்று இரவே உட்கார்ந்து தேடினேன். நாக்கு மடிப்பது பரம்பரையாக வருகிறது என்று 1940-ல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், பழ ஈக்களை வைத்து முதன்முதலில் குரோமோசோம் வரைபடம் போட்டவர். 1952-ல் இரட்டையர்களைப் பார்த்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களிலேயே ஒருவருக்கு மடிக்க வருகிறது, மற்றவருக்கு வரவில்லை என்று தெரிந்துவிட்டது. 1965-ல் ஸ்டர்டிவன்டே, இதை இன்னும் மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்துக் கண்டுபிடித்த பரம்பரை விதிக்கு உதாரணமாகப் போடுவதைப் பார்த்தால் தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். அவரே கைவிட்ட உதாரணத்தை இத்தனை வருடம் கழித்தும் நான் வகுப்பில் வைத்திருந்தேன்.

மறுநாள் அவளிடம் தனியாகச் சொல்லாமல் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன், ஏனென்றால் கேட்காமல் மனதுக்குள் வைத்திருந்தவர்கள் வேறு யாராவது இருந்திருக்கலாம். அன்றிலிருந்து வீட்டு அட்டவணை கிடையாது. காது மடலும் கிடையாது, அதுவும் ஒட்டியது, தொங்குவது என்று இரண்டே வகையாகப் பிரிவதில்லை. ரத்த வகையை மட்டும் பாடத்துக்காக எடுப்பேன், ஆனால் யாருடைய குடும்பத்தையும் வைத்து இல்லை.

ரத்த வகை இன்னொரு சிக்கலுக்கும் உதவுகிறது. ஓங்கு, ஒடுங்கு என்ற சொற்களைக் கேட்டதுமே பிள்ளைகள் ஒன்று பலசாலி, மற்றது நோஞ்சான், போகப் போக ஓங்கு பண்பே ஊரெல்லாம் பரவிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓ வகை ஒடுங்கு பண்புதான், ஆனாலும் உலகத்தில் அதிகம் பேருக்கு இருப்பது அதுதான். கையில் ஆறாவது விரல் பெரும்பாலும் ஓங்கு பண்பாகத்தான் வருகிறது, ஆனால் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். மெண்டலின் சுருங்கிய பட்டாணியில் நடப்பதும் எளிமையானது. மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் நொதியின் மரபணு அதில் கெட்டுப்போயிருக்கிறது, அதனால் சர்க்கரை அதிகமாகி, தண்ணீர் நிறைய ஏறி, விதை காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே வேலை நடந்துவிடும், விதை உருண்டையாகத்தான் இருக்கும். ஓங்கு என்பதற்கு இங்கே இவ்வளவுதான் அர்த்தம்.

அப்புறம் மூன்றுக்கு ஒன்று, அதாவது அப்பா, அம்மா இருவரிடமும் ஓங்கு, ஒடுங்கு என்று இரண்டு வகைப் பிரதியும் இருந்தால் பிள்ளைகளில் மூன்று ஓங்குக்கு ஒரு ஒடுங்கு என்ற விகிதம். பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அப்பா, அம்மாவின் பிரதிகள் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் புன்னட் கட்டத்தில் நாலு அறை இருப்பதால் நாலு குழந்தை பிறந்தால் சரியாக ஒன்றுக்கு ஒடுங்கு பண்பு வந்தாக வேண்டும், முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று நம்பிவிடுகிறார்கள். வாயால் எத்தனை தடவை சொன்னாலும் இது போகாது. அதனால் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு நாணயம் கொடுத்துவிடுகிறேன். இரண்டும் பூ விழுந்தால் ஒடுங்கு, நாலு தடவை சுண்டினால் ஒரு குடும்பம். பாதி ஜோடிகளுக்குக்கூட மூன்றுக்கு ஒன்று வராது, கணக்குப்படியே நூற்றுக்கு 42 குடும்பத்தில்தான் வரும். நாலுமே ஓங்கு வந்தவர்கள் தப்பு செய்துவிட்டோமோ என்று முழிப்பார்கள். எல்லாருடையதையும் கரும்பலகையில் கூட்டக் கூட்ட, எண்ணிக்கை மெல்ல மூன்றுக்கு ஒன்றை நெருங்கி வரும். அதற்குப் பிறகுதான் மெண்டலின் எண்ணை எழுதுவேன்: உருண்டை 5474, சுருங்கியது 1850. வகுத்துப் பார்த்தால் 2.96. அவருக்கே மூன்று வரவில்லையா என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தால் அன்றைக்குப் பாடம் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

தேர்வில் இன்னும் 'நான்கு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வரும்' என்றுதான் கேட்கிறார்கள். 'ஒன்று' என்று எழுதினாலே மதிப்பெண் கிடைத்துவிடும். என் பிள்ளைகள் 'ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு' என்று கூடுதலாக ஒரு வரி எழுதுகிறார்கள், அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லியும் எழுதுகிறார்கள்.