"இல்லை என்றால் சொல்லியிருப்பீர்கள்"

"ஒரே வார்த்தை போதும், சிஸ்டர். ஆமாவா, இல்லையா?"

பள்ளியிலிருந்து வந்த ஆசிரியை கேட்டது இவ்வளவுதான். "கர்ப்ப டெஸ்ட் முடிவை அந்தப் பெண்ணிடம் மட்டும்தான் சொல்வோம்" என்றேன். நர்சிங் படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் கோபப்படவில்லை. "சரி, புரிந்தது. இல்லை என்றால் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள்" என்று நோட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் பெல்ட்டைக் கழற்றி விரல்களில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அந்த வகுப்பின் முடிவில் எழுத வேண்டிய பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

இது 2018-ல். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் அப்போது, கர்ப்பம் வெளியில் தெரிந்த மாணவி பள்ளிக்கு வரக்கூடாது, பொதுத்தேர்வும் எழுதக்கூடாது. எபோலா தொற்றுநோயால் ஏறக்குறைய ஒன்பது மாதம் மூடிக்கிடந்த பள்ளிகள் 2015 ஏப்ரலில் திறந்தபோது அரசே வெளிப்படையாக அறிவித்த கொள்கை அது. மற்ற மாணவிகளும் கெட்டுப்போவார்கள் என்று காரணம் சொன்னார்கள். சில பள்ளிகளில் பெண் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றையும் மார்பையும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் யூரின் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். கர்ப்பிணி மாணவிகளுக்கென்று தனி மையங்கள் தொடங்கியதும் உண்மைதான். வாரத்தில் 3 நாள், 4 பாடம். அதைப் பள்ளி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் பேசாமல் இருந்தது ஏன் பதிலாகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. டெஸ்டில் ஒரே கோடு வந்த பெண்களுக்கு எங்கள் நர்ஸ்கள் "கர்ப்பம் இல்லை" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவந்தார்கள். பெண்ணே கேட்டு வாங்கிப்போகும் சீட்டு, அதில் தவறு என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பத்துப் பெண்களுக்குச் சீட்டு கிடைத்து ஒருத்திக்குக் கிடைக்காவிட்டால், அவள் ரகசியத்தை யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

எங்கள் மூத்த மருத்துவச்சி, அந்த ஊர்க்காரர், அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார்: "வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தோம், நலமாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? வயிறு தெரிவதற்குள் தேர்வு முடிந்திருக்கும்."

"பொய் எழுதச் சொல்றீங்களா, அம்மா?"

"அவளைத் தேர்வு எழுத விடச் சொல்கிறேன்."

இந்த இரண்டு வரியைப் பல தடவை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கேஸ் ஷீட்டில் பொய் வந்துவிட்டால் நாளைக்கு அதே பெண் ரத்தப்போக்கோடு வரும்போது அடுத்த ஷிப்ட் நர்ஸ் எதை நம்புவாள்? என் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் கேட்டது கேஸ் ஷீட்டில் அல்ல, பள்ளிக்குப் போகிற ஒரு துண்டுச் சீட்டில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி என் பக்கத்தை நான் பலப்படுத்திக்கொண்டேனோ என்று சில சமயம் தோன்றுகிறது. தண்டிப்பதற்காகவே கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான பதில் கொடுக்க நான் கடமைப்பட்டவளா? இல்லை என்றுதான் மனசு சொல்கிறது. ஆனாலும் கை எழுதியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. 2012-ல் வந்த பாலியல் குற்றச் சட்டப்படி அங்கே 18 வயதுக்குக் கீழே இருந்தால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஒரு குற்றத்துக்கு ஆளான பிள்ளை. ஆசிரியையின் நோட்டில் அவள் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அவளைக் கர்ப்பமாக்கிய ஆளுக்கு எந்த நோட்டிலும் கட்டம் இல்லை. அவளுடைய வயிறு பள்ளிக்கூடத்தின் கவலை, அவன் யாருடைய கவலையும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸின் நீதிமன்றம், இந்தத் தடை பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. 2020 மார்ச் 30 அன்று அரசு தடையை நீக்கியது. அந்த வாரமே கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். 2024-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் வந்தது. சந்தோஷம்தான். அதற்காக அங்கேயே போராடிய பெண்கள் அமைப்புகளுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 2015-க்கும் 2020-க்கும் நடுவில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எதைத் திருப்பிக் கொடுக்கும்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு விதி கொண்டுவந்தேன்: கர்ப்பம் உண்டோ இல்லையோ, பள்ளிக்கு யாருக்கும் சீட்டு கிடையாது. எல்லோருக்கும் ஒரே மௌனம் என்றால் மௌனத்திலிருந்து எதையும் படிக்க முடியாதே. இப்போதும் அது சரியான விதி என்றே நினைக்கிறேன். ஆனால் பள்ளி கேட்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் ஒரு தாய் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். டெஸ்டில் ஒரே கோடுதான். "சீட்டு இல்லாமல் வகுப்பில் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று அழுதார். விதியை விளக்கினேன். அவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

நான் வார்டுக்குப் போன நேரத்தில் மருத்துவச்சி அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது அந்தத் தாய் சீட்டை மடித்து இடுப்பில் சுற்றியிருந்த லாப்பா துணியின் முடிச்சுக்குள் சொருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மருத்துவச்சியும் நான் பார்த்ததைப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை. விதியையும் எடுக்கவில்லை.